கற்பூரம் அணைத்த கை

போன ஞாயிற்றுக்கிழமை நாயுடுபேட்டைத் தாத்தா வந்துவிட்டுப் போனாரே, அன்று சாயங்காலம் சின்னவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"நைனா, தாத்தா அக்காவ மனவராலுன்றாரு. என்ன மனவடுன்றாரு. அம்மாவ கூட மகளேன்றாரு. உன்ன மட்டும் ஏன் 'ஒரேய் பெயிண்டரு'ன்னே கூப்பிட்றாரு? நீ அவருக்கு ஒண்ணும் ஆவ மாட்டியா?"

பேத்தி, பேரன் என்று தெலுங்கில் முறை சொல்லிக் கூப்பிடுபவர் எனக்கு மட்டும் சொல்வதில்லை என்பதைக் கவனித்திருக்கிறான். பெரியவள் சிரித்தாள். உங்கள் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரஷ் கழுவ வேண்டும் என்று சொல்லி நான் குழாயடிக்குப் போய்விட்டேன். கழுவ வேண்டிய பிரஷ் அன்று ஒன்றும் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நீங்கள் படிப்பது தெலுங்கும் இங்கிலீஷும். தமிழ் எழுத்தை நான்தான் பின்பக்கச் சுவரில் பிரஷ்ஷால் எழுதிக் காட்டி உங்களுக்குப் பழக்கினேன். நானும் பத்தாவது வரைக்கும்தான். தப்பு இருந்தால் பெரியவள் திருத்திப் படிக்கட்டும்.

என் நைனா சத்தியவேடு பக்கம் தமிழ் பேசும் விவசாயக் குடும்பம். நெல்லும் மாந்தோப்பும் இருந்த வீடு. என் அம்மா யானாதிப் பழங்குடி. யானாதி என்றால் பெரியவளுக்குத் தெரியும், சோஷியல் புத்தகத்தில் ஒரு வரி வருகிறது. அந்த வரியை நீ சத்தமாகப் படித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர்கள் எங்கள் பக்கத்தில் தோப்புக் காவல் இருந்தார்கள், வயலில் எலி பிடித்தார்கள், ஏரியில் மீன் பிடித்தார்கள். எங்கள் வீட்டு மாந்தோப்பைக் காவல் காத்த வீட்டுப் பெண்ணை என் நைனா கட்டிக்கொண்டார். நான் பிறந்தேன். எனக்கு ஞாபகம் தெரியும் முன்னாலேயே அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள்.

அவளுக்குப் போட்டோ இல்லை. ஒன்றுகூட இல்லை. ஊரில் யார் முகத்தையும் பார்த்த உடனே வரைந்துவிடும் எனக்கு என் அம்மா முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. நைனாவைக் கேட்டால், "நல்லா இருப்பா" என்பார். அதற்குமேல் ஒரே ஒரு தடவை, "அவளுக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றார். எங்கே என்று கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்திருக்கிறது, பாருங்கள்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீள முகம், கூர் மூக்கு. பெரியப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தால் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கும். நான் மட்டும் அகல மூக்கு, உருண்டை நெற்றி, சுருட்டை முடி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை எலி என்றார்கள். எதற்கு என்று யாரும் விளக்கவில்லை. விளக்காமலே புரிந்துவிடும் விஷயங்கள் உண்டு.

பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு வீட்டுச் சுவர் பூராவும் நான்தான் வரைந்தேன். வாசலின் ரெண்டு பக்கமும் வாழைமரம், யானை, நல்வரவு. வந்தவர்கள் எல்லாம் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். தட்டு வரிசை எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பும்போது நானும் ஒரு தட்டைத் தூக்கினேன். பெரியப்பா அதை என் கையிலிருந்து வாங்கிப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்தார். கோபமாகக்கூட இல்லை. "நீ போட்டோக்காரர் கிட்ட நில்லுபா. லைட்டப் புடிச்சிக்க, உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்" என்றார். நான் லைட்டைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கல்யாண ஆல்பத்தில் எல்லோர் முகத்திலும் நல்ல வெளிச்சம் இருக்கும். நான் இல்லை.

அப்புறம் சித்தூருக்குப் போனேன். அங்கே மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஆலைகளின் சுவரில் மாம்பழம் வரையும் வேலை. லாரி உயரத்துக்கு மாம்பழம். என்னை மாம்பழ ஆர்ட்டிஸ்ட் என்றே கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மாம்பழம் வரைந்தால் அதைப் பார்த்து யாரும் நீ எந்த ஆளு என்று கேட்பதில்லை. அங்கிருந்து திருப்பதி. பாலத் தூண்களில் சங்கு, சக்கரம், யானை, மயில். உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டதும் அந்தச் சமயத்தில்தான். அதற்குள் என் நைனாவும் போய்விட்டார்.

பெரியவள் வயிற்றில் இருந்தபோது சித்தூர் காண்ட்ராக்டர் ஒருவர் போன் செய்தார். நாயுடுபேட்டைக்குப் பக்கத்தில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம், நீளமான காம்பவுண்டுச் சுவர்.

"ட்ரைபல் தீம்பா. ஆபீசருங்க தொறந்து வைக்க வராங்க. பளிச்சுன்னு இருக்கணும். போட்டோ அனுப்பறேன், அப்படியே போட்டுடு."

வாட்ஸப்பில் படம் வந்தது. தலையில் இறகு, இடுப்பில் இலை, கையில் ஈட்டி, நடுவில் நெருப்பு, சுற்றிலும் ஆட்டம். எந்த தேசத்துப் படமோ. நான் அதை ரொம்ப நேரம் பார்த்தேன். இது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, பிள்ளைகளே. ஒருகாலத்தில் அம்மாவின் ஆட்கள் இப்படித்தான் இருந்தார்களோ என்னவோ என்றுதான் நினைத்தேன். என் பாதி ரத்தம் அவர்களுடையதாக இருந்தும், போனில் வந்த படத்தைப் பார்த்துத்தான் நான் அவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என் அம்மா யார் என்று காண்ட்ராக்டரிடம் நான் சொன்னதும் இல்லை. அவர் கேட்டதும் இல்லை.

கோடு போட்டேன், நிறம் ஏற்றினேன். இலை, இறகு, ஈட்டி எல்லாம் படத்தில் இருந்தபடி. முகங்கள் மட்டும் போட்டோவில் சரியாகத் தெரியவில்லை, கலங்கிப்போயிருந்தன. அவற்றை நானாகப் போட்டேன். நடுவில் நிற்பவனை மட்டும் கொஞ்சம் பெரிதாக, கவனமாக.

இன்டர்வெல் விட்டதும் பிள்ளைகள் ஓடி வந்து சுற்றி நின்றார்கள். அவர்கள் பேசியது தெலுங்கு. என் ஞாபகத்தில் அது நம் பக்கத்துப் பேச்சாகவே நிற்கிறது, அண்ணனை அவர்கள் அன்னா என்றது மட்டும் அப்படியே.

"அன்னா, யாரு அன்னா இவங்க?"

"நீங்கதான்" என்றேன், நிறத்தைக் கலக்கிக்கொண்டே.

"நாங்களா!"

ஒரே சிரிப்பு. ஒருத்தன் தரையில் உட்கார்ந்தே சிரித்தான்.

"எங்க நைனாக்கு பைக் கீது அன்னா. இலையக் கட்டிக்கினு ஓட்டினா போலீசு புடிச்சிக்குவாங்க."

"தலையில இன்னாது அன்னா? கோழியா?"

"டேய், உங்க அம்மா இப்படி வந்தா ஹெச்.எம். மேடம் கேட்டுக்குள்ள வுடுவாங்களா?"

நானும் சிரித்தேன். கூடச் சிரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. காது மடல் ரெண்டும் சுட்டது. பெயிண்ட் ஒட்டிய கையால் தொட்டுவிட்டேன் போல, அப்புறம் பார்த்தால் காதில் பச்சை.

ரெட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டிய ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் நடுவில் நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு எங்க தாத்தா" என்றாள்.

"உங்க தாத்தா இறகு வெச்சிக்குவாரா?"

"இறகு இல்ல. மூஞ்சி." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உன் மூஞ்சியும் அதேதான் கீது அன்னா."

மணி அடித்தது, ஓடிவிட்டார்கள். நான் ஏணியிலிருந்து இறங்கி, யாரோ நிறுத்தியிருந்த பைக்கின் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். அகல மூக்கு. உருண்டை நெற்றி. முன்னால் ஆள் இல்லாமல் முகம் போட்டால் கை தினமும் ஷேவ் செய்யும் முகத்தைத் தேடிப் போய்விடும். எங்கள் தொழிலில் இது நடப்பதுதான். ஆனால் அது அவளுடைய தாத்தா முகம் என்றால்?

அடுத்த இன்டர்வெல்லில் அவளைக் கேட்டேன்.

"உங்க தாத்தா எந்த ஊரு?"

"நாயுடுபேட்டை. இறால் குட்டைக்குக் காவலு. முன்ன சத்தியவேடு பக்கம் இருந்தாங்களாம். ஞாயித்துக்கிழம வருவாரு, சோறு எடுத்துக்கினு."

எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. ரெண்டாவது கோட்டிங் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன். பையில் ஒரு நல்ல சட்டை வைத்திருந்தேன். பஸ்ஸில் போகும்போது ஒரே வார்த்தையைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மாமா. எல்லோரையும்தான் மாமா என்கிறோம், டீக்கடைக்காரரையும் என்கிறோம். ஆனால் அம்மாவின் கூடப்பிறந்தவரைக் கூப்பிடும் மாமா நான் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. அவர் பதிலுக்கு அல்லுடு, அதாவது மருமகனே, என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றவர்கள் வந்து புங்க மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவார்கள். நான் ஏணியில் நின்றிருந்தேன். நல்ல சட்டை இன்னும் பையில்தான் இருந்தது. வேலையைப் பார்க்கக் காண்ட்ராக்டரும் வந்திருந்தார், பக்கத்தில் ஹெச்.எம். மேடம்.

கேட் வழியாக என் முகம் உள்ளே வந்தது.

வேறு எப்படிச் சொல்வது? என்னைவிட இருபது வருஷம் மூத்த என் முகம், கையில் ஒயர் பை, தோளில் சிவப்புத் துண்டு. நடையும் நான் நடப்பது போலவே, ஒரு தோளைச் சாய்த்து. என் முகத்தை இன்னொருத்தரிடம் நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. என் அம்மாவும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்தேன். ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

காண்ட்ராக்டர் முந்திக்கொண்டார்.

"டேய் ஆர்ட்டிஸ்ட்டு! அங்க பாரு, உன் டூப்பு வராரு! செவுத்துல ஒண்ணு, ஏணியில ஒண்ணு, கேட்டுல ஒண்ணு. மூணு பேரு ஆயிட்டீங்க!"

மேடம் சிரித்துவிட்டார். "ஆமா, நிஜமாவே அப்படியே இருக்காரே. உங்களுக்குள்ள சொந்தமா?"

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். முகம் மலரத் தொடங்கியது, அதை நான் பார்த்தேன். உடனே அடங்கிவிட்டது. தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அய்யோ, இல்லிங்க மேடம். சாரு பெரிய வூட்டுப் புள்ள. அவங்க எங்க, நாங்க எங்க?"

வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் இல்லை என்றதும், காண்ட்ராக்டர் முன்னாலும் மேடம் முன்னாலும் அவர் இல்லை என்றதும், என் நெஞ்சு லேசாகிவிட்டது. மூச்சு நன்றாக வந்தது. பாலத் தூண்களில் சாமிச் சின்னம் போடும் வேலை இனியும் வரும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தட்டைப் பிடுங்கிய பெரியப்பாவைவிட அந்த ஒரு நொடிதான் எனக்கு அதிக வெட்கம்.

"தாத்தா, மூஞ்சி பாரு..." என்று ரிப்பன் பெண் ஆரம்பித்தாள்.

"வாம்மா, சோறு துன்னலாம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் இறகுக்கு நிறம் ஏற்றிக்கொண்டே யோசித்தேன். கிழிந்த லுங்கி, உடம்பெல்லாம் பெயிண்ட். இந்தக் கோலத்தில் இருப்பவனைப் பார்த்து யாராவது பெரிய வீட்டுப் பிள்ளை என்பார்களா? என்னை ஏற்கெனவே தெரிந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

மத்தியானம் அவர் கிளம்பியதும் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை உதறி சிமெண்ட் பெஞ்சைத் துடைத்தார்.

"உக்காருங்க சார்."

"நீங்க உக்காருங்க."

"பரவால்ல சார். பஸ்ஸு வந்துடும்."

நான் உட்கார்ந்தேன், அவர் நின்றார். அவர் துடைத்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பதும், அவர் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எதிரில் நிற்பதும் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்தால் அவர் இன்னும் ரெண்டடி தள்ளி நின்றார். மறுபடியும் உட்கார்ந்தேன்.

"சத்தியவேடு பக்கம் எந்த ஊரு நீங்க?"

"இன்னிக்கு பஸ்ஸு லேட்டு போலக் கீது சார்."

"எங்க அம்மா பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"பேரச் சொல்லாத!"

சத்தமாகவே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு ரோட்டின் ரெண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. வலது கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"உங்க தாத்தா, பெரியவரு, நடு வூட்டுல வெத்தலைல கற்பூரம் ஏத்தி வெச்சாரு. பொண்ணு மட்டும் உள்ள வரட்டும். பின்னாலயே எவனும் வரக் கூடாது. நாளைக்கு ஒரு புள்ள பொறந்தா, மாமன்னு முறை சொல்லிக்கினு எங்க வாசல்ல எவனும் நிக்கக் கூடாது. அந்தப் புள்ளய முறை சொல்லிக் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னாரு. எங்க நைனா கையப் பின்னால இழுத்துக்கினாரு. நான் அணைச்சேன். ஏழுமலையான் மேல."

இதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்துச் சத்தியம் செய்வது. அப்படிச் செய்தால் திரும்ப எடுக்க முடியாது. அவருக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது.

"ஏன் அணைச்சீங்க?"

"அக்கா கதவாண்ட நின்னுக்கினு இருந்தா. வாயத் தொறக்கல. கண்ணாலயே அணைடா, அணைடான்றா. அவளுக்கு அந்த வூட்டுல வாழணும். நான் இன்னா பண்ணுவேன்?"

அந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அந்த நடு வீட்டில்தான் உட்கார்ந்து படம் போட்டுப் பழகினேன். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்னும் பிறக்காத எனக்காக ஒருத்தர் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்.

"தாத்தா இல்ல, நைனாவும் இல்ல" என்றேன். "இனிமே யாரு வந்து கேக்கப் போறாங்க?"

அவர் மேற்கே, திருப்பதி இருக்கும் திசையை முகவாயால் காட்டினார். "அவரு கீறாரே. நீ அவரு மலையடியிலயே குடியிருந்துக்கினு இப்படிக் கேக்குற."

"அப்ப என்னக் கூப்பிடவே மாட்டீங்களா?"

"மாட்டேன்."

அவ்வளவுதான். கெஞ்சுகிற இடம் இல்லை அது. எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. வெட்கத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன். வேலை முடிந்ததும் காண்ட்ராக்டரிடம் கேட்கும் கேள்வி அது.

"செவுத்துல படம் எப்படி கீது?"

அவர் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை அவருக்கு.

"அது ஒரு படமா? ஒரேய், எங்க ஆளுங்கள வெயில்லயும் மழையிலயும் அம்மணமா நிறுத்தி வெச்சிக்கிறியே, ஆளுக்கு ஒரு லுங்கி குடுத்தா இன்னா கொறஞ்சி பூடும் உனக்கு? தலையில இன்னாடா அது, கோழி உக்காந்து எழுந்து போச்சா? அந்தக் கோழிக்குக் கீழ என் மூஞ்சிய வேற வெச்சிக்கிற! என் பொண்டாட்டி பாத்தா எனக்கு சோறு போடுவாளா? சித்தூர்ல மாம்பழம் போட்டுக்கினு இருந்த கையி தான இது? பேசாம எனக்கு பதிலா ஒரு மாம்பழத்தப் போட்டுட்டுப் போயிருக்கலாம். அதாவது பாக்க லட்சணமா இருந்திருக்கும்!"

நான் சித்தூரில் மாம்பழம் போட்டது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் யாரிடம் எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாரோ.

"ஒரேய் பெயிண்டரு, நகரு அந்தாண்ட" என்று தொடையால் என்னைத் தள்ளிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒயர் பையில் பேத்தி தின்றது போக மிச்சம் இருந்த இறால் வறுவலை எடுத்து நீட்டினார். "துன்னு. எலும்பாட்டம் கீற. உன் பொண்டாட்டிக்கு சமைக்கத் தெரியாதா, இல்ல உனக்குத் துன்னத் தெரியாதா?"

நம் பக்கத்தில் அக்காள் மகனை மாமன் கிண்டல் செய்வதற்கு அளவே கிடையாது. வேறு யாராவது இப்படிப் பேசினால் சண்டை வரும். மாமன் பேசினால் அவனுக்கு உரிமை என்று சிரித்துக்கொண்டு கேட்க வேண்டும். முறை சொல்லிக் கூப்பிட மாட்டேன் என்றுதான் அவர் கையைச் சுட்டுக்கொண்டார். திட்டமாட்டேன் என்று யாரும் அவரிடம் சத்தியம் வாங்கவில்லை. பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ் வரைக்கும் திட்டினார். நான் இறாலைத் தின்றுகொண்டே கேட்டேன். காரம் கண்ணில் ஏறிவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெயிண்ட் கையோடு கண்ணைத் துடைத்ததற்கும் ஒரு திட்டு கிடைத்தது.

மறுநாள் சுவரில் எல்லோருக்கும் லுங்கியும் சட்டையும் போட்டேன். ஒருத்தனை பைக்கில் உட்கார வைத்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். காண்ட்ராக்டர் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாபா இது? பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஆளுங்க மாதிரி கீது! ட்ரைபல்னு யாருக்குத் தெரியும்?"

"அவங்க பஸ் ஸ்டாண்டுலதான் சார் நிக்கிறாங்க."

"எனக்குப் பாடம் எடுக்காத. இறகு எங்க? எடுத்து வை."

பாதிச் சுவருக்கு இறகைத் திரும்ப வைத்தேன். ஆமாம், வைத்தேன். உங்கள் அம்மாவுக்கு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த வேலையை விட்டுவிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் நடுவில் நின்றவனுக்கு வைக்கவில்லை. அவனுக்கு வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, சிவப்புத் துண்டு. துண்டைத் தோளில் போட்டேன். கக்கத்தில் இல்லை. மழையில் அந்தச் சுவர் இப்போது வெளுத்திருக்கும்.

திறப்பு விழா அன்று நாற்காலி போட்டு ஆபீசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றவர்கள் எல்லாம் பின்னால் கயிற்றுக்கு அந்தப் பக்கம். அவரும் அங்கேதான் நின்றார், யாரோ போல. சத்தியம் செய்தது அவர்தான், நான் இல்லையே. என் வாயை யாரும் கட்டவில்லை. அதை யோசிக்க எனக்கு அத்தனை நாள் ஆகியிருக்கிறது.

"மாமா" என்று கூப்பிட்டேன்.

பெரிதாக வரவில்லை குரல். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. காண்ட்ராக்டர் திரும்பினார்.

"யாருபா மாமா?"

"சிவப்புத் துண்டு போட்டிருக்காரே, அவரு. எங்க அம்மாவோட தம்பி."

காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அவர் அப்புறம் எனக்கு வேலை கொடுத்ததும் இல்லை. நானும் கேட்டதில்லை.

மாமாவுக்குக் கேட்டதா என்று தெரியாமல் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். விழா முடிந்து கூட்டம் கலையும்போது அவர் சுவர்ப் பக்கமாக வந்து படத்தை மேலும் கீழும் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ஒரேய் பெயிண்டரு, லுங்கிக் கட்டம் கோணலா கீது."

கேட்டிருக்கிறது.

பெரியவளே, நீ பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் நிற்காமல் நேராக உள்ளே வந்து உன்னைக் கையில் வாங்கி, நர்ஸ் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி மனவராலு, மனவராலு என்று கூப்பிட்டார். சத்தியம் வாங்கியவர்களுக்கு என்னைத் தாண்டி உங்கள் வரைக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. அப்புறம் சின்னவனுக்கும் அப்படியே. உங்களைக் கூப்பிடும்போதெல்லாம் அவர் குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பக்கத்து அறையில் எனக்குக் கேட்க வேண்டும் அல்லவா.

நான் அவருக்கு என்ன ஆகிறேன் என்று கேட்டாய், சின்னவனே. அக்காள் மகன் ஆகிறேன். நீ யானாதித் தாத்தாவின் பேரன், சத்தியவேட்டு விவசாயியின் பேரன், ரெண்டும்தான். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் ரெண்டையும் சொல். நான் சொன்னது போல மெல்லிய குரலில் சொல்லாதே.

ஒன்று மட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா வரும்போது என்னை முறை சொல்லிக் கூப்பிடச் சொல்லி அவரை விளையாட்டுக்குக்கூடக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அவர் பதில் சொல்லமாட்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். அதை என்னால் பார்க்க முடியாது.